ஒர்க்கஹாலிக்கும் கவுச் பொட்டேட்டோவும்

மனிதர்களின் பழக்கங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நம்முடைய ஆங்கிலப் பேச்சுக் கையேடுகள் பெரும்பாலும் ஒரு வரியில் அர்த்தம் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஒர்க்கஹாலிக்னா கடின உழைப்பாளி. கவுச் பொட்டேட்டோன்னா சோம்பேறி. மனப்பாடம் பண்ண வசதிதான். ஆனால் இரண்டு சொற்களுமே பிறந்தபோது இந்த அர்த்தத்தில் பிறக்கவில்லை.

ஒர்க்கஹாலிக் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் வெய்ன் ஓட்ஸ். அமெரிக்க பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், இறையியல் கல்லூரிப் பேராசிரியர், மனநல ஆலோசகர். ஆல்கஹாலிக் என்ற சொல்லின் வாலை வெட்டி வேலையோடு ஒட்டினார். குடிநோயாளிக்குக் குடி எப்படியோ, தனக்கு வேலை அப்படி என்பதுதான் அவர் சொன்னது. அவரைப் பார்க்க அவருடைய சின்னப் பையனே அப்பாயின்ட்மென்ட் கேட்ட கதை பிரசித்தம். 1971இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே ஒரு ஒர்க்கஹாலிக்கின் வாக்குமூலம் என்கிற பொருளில்தான் இருக்கும். அதாவது, சொல் பிறந்தது எச்சரிக்கையாக.

கவுச் பொட்டேட்டோ கதை நேர் எதிர். 1970களின் கலிஃபோர்னியா. டிவிக்குக் கேலிப்பெயர் பூப் டியூப்; பார்ப்பவர் டியூபர். டியூபர் என்றால் கிழங்கு என்றும் அர்த்தம். அங்கிருந்து உருளைக்கிழங்கு. ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற கார்ட்டூனிஸ்ட் அதற்கு உருவம் வரைந்தார். "ஆமாம்யா, நாங்க டிவி பார்ப்போம், இப்ப என்ன?" என்கிற தோரணையில் நண்பர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பின்னாளில் அது எவ்வளவு பெரிய வசையானது என்றால், 2005இல் பிரிட்டிஷ் உருளைக்கிழங்கு விவசாயிகள் பயிரின் பேர் கெடுகிறது, அகராதியிலிருந்து எடுங்கள் என்று லண்டனில் போராட்டமே நடத்தினார்கள்.

நோயின் பெயர் பாராட்டானது. விளையாட்டுப் பெயர் வசையானது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓய்வைக் குற்றமாகவும் ஓயாத வேலையைத் தகுதியாகவும் பார்க்கிற சமூகத்தின் கையில் சொற்கள் இந்தப் பக்கம்தான் சாயும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒர்க்கஹாலிக்தான். நேர்காணலில் "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டால், "கொஞ்சம் ஒர்க்கஹாலிக் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், வேலை கிடைக்க உதவும் பதில். ஆனால் நிஜமாகவே வேலையை விடமுடியாமல் உடம்பையும் குடும்பத்தையும் தொலைத்துக்கொண்டிருப்பவர் அதே சொல்லைச் சொன்னால்? பெருமை பீத்திக்கிறார் என்றுதான் கேட்பவர் காதில் விழும். உதவி கேட்க இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

கையேட்டில் "கடின உழைப்பாளி" என்று போடுகிறவர் இந்த இழப்புக்குத் தமிழிலும் முத்திரை குத்துகிறார். 'வேலைப்போதை' என்று போடலாமே. கொஞ்சம் கசக்கும். கசக்கத்தான் வேண்டும்.