சேம அச்சு: மரக்காணத்தில் நின்று ‘வழித்தடம்’ என்ற சொல்லை வாசித்தல்

1

2023 செப்டம்பரில் தில்லியில் ஜி-20 கூடியபோது ஒரு வரைபடம் பத்திரிகைகளில் வந்தது. இந்தியாவின் மேற்குக் கரையில் புறப்பட்ட ஒரு கோடு வளைகுடாவில் கரையேறி, அரேபியப் பாலையைத் தண்டவாளமாகக் கடந்து, ஹைஃபாவில் மறுபடியும் கடலில் இறங்கி ஐரோப்பாவுக்குப் போனது. இந்தியா–மத்தியகிழக்கு–ஐரோப்பா பொருளாதார வழித்தடம். ஒரு மாதம்கூட முழுசாகக் கழியவில்லை, காசாவில் போர் தொடங்கிவிட்டது. கோடு போகிற நிலத்தில் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்ற விஷயம் கோடு போட்டவர்களுக்கு அப்போதும் ஒரு ‘தாமதம்’ என்ற கணக்கில்தான் வந்து சேர்ந்தது.

இது முதல் கோடு அல்ல. 2000-இல் இந்தியாவும் ஈரானும் ரஷ்யாவும் கையெழுத்திட்ட வடக்கு–தெற்கு வழித்தடம் இருக்கிறது. 1959-இல் ஐ.நா. தொடங்கிய ஆசிய நெடுஞ்சாலைத் திட்டம் இருக்கிறது. அதன் 43-ஆம் எண் தடம் ஆக்ராவில் கிளம்பி மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வந்து, அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி தொடங்குகிறது. 1964 புயல் தின்ற தனுஷ்கோடி, வரைபடத்தில் இன்னமும் ஒரு சந்திப்பு.

இவற்றைப் பற்றி நம் நண்பர்கள் எழுதும்போது ‘இது யாருடைய மூலதனம்?’ என்று கேட்கிறார்கள். அவசியமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியும் கோட்டின் இரண்டு முனைகளைத்தான் பார்க்கிறது. நடுவில் இருக்கிற இடத்தை இந்தச் சொல் என்ன செய்கிறது என்பதே என் பிரச்சினை. ஆங்கிலத்தில் ‘காரிடார்’ என்றால் இரண்டு அறைகளுக்கு இடையிலான நடை. அதில் யாரும் வசிப்பதில்லை. ஒரு காலத்தில் இதைத் தமிழில் ‘தாழ்வாரம்’ என்று பெயர்த்தார்கள். சிரிப்பாக இருக்கிறது. நம்மூர் வீடுகளில் தாழ்வாரத்தில்தானே பாட்டி படுத்திருப்பாள், நெல் காயும், வந்தவன் உட்காருவான்? ‘வழித்தடம்’ என்று மாற்றியதும் அந்த ஆட்கள் எல்லோரும் சொல்லிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். இதை மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2

மரக்காணத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ சொல்லும் சோபட்மாவும் இதுவே என்பார்கள். அதாவது ‘சர்வதேச வணிகம்’ இங்கே புதுசாக இறக்குமதியாகவில்லை.

அதே சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு காட்சி, இது கொற்கைப் பக்கம். உமணர்களின் உப்பு வண்டி வரிசையோடு ஒரு மந்தி வருகிறது. உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. இதைப் பண்டிதர்கள் ‘வளமை’ என்று உரை சொல்லிக் கடந்துவிடுவார்கள். நான் பார்ப்பது வேறு. உப்பு போகிற வழியில் பெண்டு பிள்ளைகளும், வளர்த்த குரங்கும் கூடவே போகிறார்கள். சரக்கு வேறு, சனம் வேறு என்று பிரியாத ஒரு போக்குவரத்து. அந்த வண்டி வரிசைக்கு ‘ஒழுகை’ என்று பேர். உமணப்பெண் ஊருக்குள் இறங்கி, நெல்லுக்கு உப்பு என்று கூவி மாற்றுகிறாள். எனவே விலை என்பது நின்று பேசிய இடத்தில் உண்டாகிறது.

புறநானூற்றில் ஔவையார் ஒரு மன்னனைப் புகழ உமணரின் வண்டியைத்தான் எடுக்கிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பேர். மன்னன் அப்படிப்பட்டவனாம். மன்னனை விடுங்கள். வழியை முழுக்க நம்ப முடியாது என்று தெரிந்து, முறிவுக்கான ஏற்பாட்டைத் தன் கையிலேயே வைத்திருந்த ஒரு வணிகம் அது. அந்த உமணருக்கும் இன்று பாத்தியில் நிற்பவருக்கும் வம்சாவளி போட நான் வரவில்லை. சங்ககாலப் பெருமிதத்துக்கும் இங்கே வேலை இல்லை. ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

3

உப்பின் வழியிலிருந்து ஆட்களைப் பிரித்தெடுத்தது எப்போது? கும்பினி உப்பை ஏகபோகமாக்கியபோது அது தீவிரமாகிறது. 1815-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த உடன்படிக்கையில், பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உரிமைக்காக வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் என்று பேசி முடித்தார்கள். 1818-இல் புதுச்சேரிப் பக்கத்தில் உப்பு விளைவிப்பதையே நிறுத்த ஒப்பந்தம். நட்டஈடு உப்பளச் சொந்தக்காரர்களுக்கு. மரக்காணத்துக்குத் தெற்கே சில காதம் தள்ளி, அதே கடல், அதே வெயில். ஒரு பக்கம் விளையலாம், மறுபக்கம் விளையக்கூடாது. ‘பிராந்திய வணிகம்’ என்பதன் ஆரம்பப் பாடம் இது.

வடக்கே சிந்துவிலிருந்து ஒரிசா எல்லைவரை உப்பைத் தடுக்க முள்வேலி வளர்த்தார்கள். 1879-இல் கைவிடப்பட்ட அந்தச் சுங்க வேலியின் கதையை ராய் மாக்ஸம் எழுதினார். சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில் ‘உப்பு வேலி’ என்று தமிழிலும் வந்துவிட்டது. வேலியும் வழித்தடமும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. யார், எது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒரே அதிகாரத்தின் இரண்டு வேலைகள் இவை.

மரக்காணத்துக்கு வந்த முதல் நவீன வழித்தடம் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வெட்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம்வரை நீண்டது. தெற்கு முனை இந்த ஊர்தான். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை நிவாரண வேலை என்ற பெயரில் வெட்டவைத்து, 1878-இல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்குப் போயின. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்களோடு போக்குவரத்து ஓய்ந்தது. 2008-இல் அதையே தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். கோடு திரும்பவும் வரைபடத்தில் ஏறியது. மரக்காணம்–சென்னைக் கால்வாயில் உப்புப் படகு திரும்ப வரவில்லை.

4

அடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலை. 1990-களில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு போடப்பட்டது. 2002 முதல் சுங்கம். அதே வங்கி பேசும் ‘கிழக்குக் கடற்கரைப் பொருளாதார வழித்தடம்’, மேற்கு வங்கத்திலிருந்து தமிழ்நாடுவரை இழுத்து, தென்கிழக்காசிய உற்பத்தி வலையோடு முடிச்சுப் போடுவது. அதன் தெற்குப் பகுதியான சென்னை–கன்னியாகுமரித் தொழில் தடத்துக்கு 2021-இல் 48.4 கோடி டாலர் கடன் கையெழுத்தானது. 2025 ஆகஸ்டில் மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2,157 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தச் சொல்லாடல் முழுக்க ஒரே ஒரு எதிரிதான்: தாமதம். நிற்பது நஷ்டம். ஓடுவதே லாபம்.

உப்பளத்தில் விஷயம் தலைகீழ். தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் மாதங்களில் வாரி, ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். வாரிய உப்பு திறந்தவெளியில் குவிந்து கிடக்கிறது, மேலே கீற்று. மழை நெருங்க நெருங்க, லாரிக்காரர் சொன்னதே விலை. கூரைபோட்ட கிடங்கு உள்ளவன் மழைக்கு அப்புறம் விற்பான். கிடங்கு இல்லாதவன் இன்றே விற்பான். ஆக, நிறுத்தி வைக்க முடிவதுதான் இங்கே பேரம் பேசும் பலம். வழித்தடம் எதை ‘விரயம்’ என்கிறதோ அதுவே சிறு உற்பத்தியாளனின் ஒரே ஆயுதம். சாலை அகலமாக ஆக, குஜராத்திலும் தூத்துக்குடியிலும் விளைகிற உப்பும் அதே வேகத்தில் வந்து இறங்கும். 2006-இலிருந்து அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்ண விற்கக்கூடாது. முன்கழுத்துக் கழலைக்கு எதிரான நடவடிக்கை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சேர்க்கிற எந்திரம் யாரிடம் இருக்கிறது? பாத்திக்காரனின் உப்பு இன்னொருவனின் பொட்டலத்துக்குள் போய்த்தான் ‘உப்பு’ ஆகிறது.

உப்பு வாரும் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான்கு வழிச்சாலை வேண்டாம் என்பார் என எதிர்பார்த்தேன். அது என் அறிவுஜீவித்தனம். “ரோடு வேணாம்னு யாரு தம்பி சொன்னா? பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு அதுல தான போவணும்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “லாரி நிக்குது, லோடு ஏறுது, போவுது. எங்க போவுதுன்னு இதுநாள் வரைக்கும் யாரும் சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல” என்றார். காலில் உப்புத் தின்ற வெடிப்பு. மழை மூன்று மாதத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாயைப் பற்றிக் கேட்டேன். “அது அரிசிக்கு ஆவும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

சாலை வேறு எதைக் கொண்டுவந்தது? 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கச் சித்திரை விழா. வாகனங்கள் இந்தச் சாலையில் போயின. மரக்காணத்தில் சாலையோரத் தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம்; அந்தக் குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்தது தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனால். அதுவும் ஒரு சரக்குதான், அதற்கும் ஒரு தடம் இருந்தது. ‘தடையற்ற போக்குவரத்து’ பற்றிய அறிக்கைகளில் இந்தத் தேதிகள் வராது. ஏனென்றால் அவை நடந்தது கோட்டில் அல்ல, ஓரத்தில்.

5

‘அப்படியானால் என்ன செய்ய?’ என்று களத்தில் இருக்கும் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். சாலையை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற எதிர்வுக்குள் நாம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சாலை போடும் பணத்தில் உப்பளத்தை ஒட்டி உற்பத்தியாளர் கையிலேயே இருக்கும் கூரைக் கிடங்கு, அயோடின் சேர்க்கும் பொது எந்திரம், கழுவெளிக்குக் கடல்நீர் வந்துபோகத் தடையில்லாத பாலங்கள், இவற்றைக் கேட்கலாம். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. பறவை இறங்கி நிற்க இடம் வேண்டும் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. உப்பு வாருபவர் நின்று விலை பேச இடம் வேண்டும் என்பதையும் அது ஒத்துக்கொள்ளட்டும்.

தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழியின் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்கிறது அது. தாவளம் என்றால் வணிகர் தங்கும் இடம். அந்தப் பெருவழி தூரத்தை அளந்தது, எங்கே நிற்கலாம் என்பதை வைத்து. நம்முடைய வழித்தடங்கள் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று மட்டும் அளக்கின்றன. உமணன் வண்டியடியில் கட்டியிருந்த அந்த இரண்டாவது அச்சு இன்றைக்கு யாருடைய செலவில், யாருடைய கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு திட்ட அறிக்கையையும் கேட்போம். பதில் இல்லையென்றால், முறிகிறபோது முறிவது யாருடைய முதுகு என்பது மரக்காணத்தில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.