மார்கழியை யார் குரலில் கேட்பது?

மார்கழி பிறந்துவிட்டால் உப்பிலியபுரத்தில் சேவல்களுக்கு வேலை இல்லை. விடியலுக்கு வெகுமுன்பே ஒலிபெருக்கிகள் எழுந்துவிடும். ஒரு கோயிலில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை, இன்னொரு கோயிலில் ஆண்டாளின் திருப்பாவை. பச்சமலை அடிவாரத்துப் பனியில் இரண்டும் ஒன்றோடொன்று மோதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மற்ற பதினொரு மாதமும் அந்த ஒலிபெருக்கியை ஆள்வது 1963இல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம். திருமலையிலேயே மார்கழியில் சுப்ரபாதம் ஒதுங்கித் திருப்பாவைக்கு இடம் விடுகிறது. உப்பிலியபுரம் விடாதா என்ன?

அந்த இருட்டில் பெரும்பாலும் கேட்பது எம்.எல். வசந்தகுமாரியின் குரல். பல வீடுகளில் திருப்பாவை என்றாலே அந்தக் குரல்தான். ஆனால் அதே முப்பது பாசுரங்களை ஸ்ரீரங்கம் கோயிலில் கூடிப் பாசுரம் ஓதும் கோஷ்டியில் கேட்டால் வேறு நூலோ என்று தோன்றும். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிப் பதிவில் மூன்றாவதாக ஒரு முகம். எதை வைத்து எதை மதிப்பிடுவது?

ஐரோப்பியர்களுக்கு இந்த வம்பு பழக்கமானது. இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதிய இரங்கல் இசையான 'ஜெர்மன் ரெக்வியம்' 1868ஆம் ஆண்டின் புனித வெள்ளியன்று பிரெமன் பேராலயத்தில் அரங்கேறியது. வழிவழியாக வந்த லத்தீன் வாசகத்தை விட்டுவிட்டு, லூத்தரின் ஜெர்மன் பைபிளிலிருந்து தாமே வரிகளைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார் பிராம்ஸ். கரயான் 1947இல் வியன்னாவில் செய்த பதிவு, கிளெம்பெரர் 1961இல் லண்டன் ஃபில்ஹார்மோனியாவோடு செய்த பதிவு, பிராம்ஸ் காலத்து வாத்தியங்களை வைத்துக் கார்டினர் செய்த பதிவு என்று அடுக்கிக்கொண்டு, யாருடைய வேகம் சரி, எந்தப் பாடகர் குழுவில் சொல் துலங்குகிறது என்று அங்கே மணிக்கணக்கில் வாதாடுவார்கள். தாய்மொழியில், பலர் சேர்ந்து, இறைவன் முன் பாட வேண்டிய ஒரு நூல் நமக்கு அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே கிடைத்துவிட்டது. அந்த மாதிரி வாதம்தான் நம்மிடம் குறைவு.

'பலர் சேர்ந்து' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திருப்பாவையில் பேசுவது ஒருத்தி அல்ல, ஒரு கூட்டம். முதல் ஐந்து பாசுரங்கள் நோன்புக்கு முகவுரை. ஆறு முதல் பதினைந்து வரை பத்து வீட்டு வாசலில் நின்று பத்துப் பெண்களை எழுப்புகிறார்கள். பிறகு நந்தகோபன் மாளிகைக் காவலன், நப்பின்னை, கடைசியில் கண்ணன். கேட்பதெல்லாம் 'எங்களுக்கு'. அதனால் ஒரு திருப்பாவைப் பதிவைக் கேட்கும்போது ராகம் எவ்வளவு அழகு என்பதோடு, அந்தக் கூட்டம் காதில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோஷ்டியில் விழுகிறது. அங்கே இன்ன ராகம் என்று பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. குரல் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும். குரு ஒரு முறை சொல்ல, மாணவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்லும் சந்தை முறையில் கற்ற பாடம் அது. மூச்சு வாங்கும் இடம்கூட எல்லோருக்கும் ஒன்றுதான். தனிக்குரல் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவும் மாட்டார்கள். 29ஆம், 30ஆம் பாசுரங்கள் நாள்தோறும் ஓதும் சாற்றுமுறையிலும் இடம்பெறுவதால், இதைக் கேட்க மார்கழி வரை பொறுக்க வேண்டியதும் இல்லை. ஒரு வேடிக்கை: ஆய்ச்சியர் கூட்டமாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு ஒரு பெண் பாடியதைக் கோயில் கோஷ்டியில் காலங்காலமாகச் சொல்லி வருபவர்கள் ஆண்கள்.

அரையர் சேவை இதிலிருந்தும் விலகியது. ஆழ்வார்களின் பிரபந்தத்துக்கு இசையும் தாளமும் அமைத்துத் தம் மருமக்களுக்குக் கற்பித்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. அந்த வழி ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில் இன்றும் நடக்கிறது. உயர்ந்த குல்லாய், கையில் தாளம், பாட்டு, அபிநயம், வியாக்கியானம் எல்லாம் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டால் பாதி போய்விடும் என்பதால் பதிவுகளின் போட்டியில் அதைச் சேர்ப்பது நியாயமில்லை.

இன்று ஊரெல்லாம் பாடும் மெட்டுகள் அரியக்குடியாருடையவை. 1890இல் பிறந்து 1967இல் மறைந்த அவர், நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடமும் பயின்றவர். இன்றைய கச்சேரிக்கு வரிசை வகுத்தவர் என்று கர்நாடக இசையுலகம் அவரைத்தான் சொல்கிறது. திருப்பாவைக்கு அவர் தேர்ந்த ராகங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு சங்கதி புரியும். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் கனராகப் பஞ்சரத்தினங்களின் வரிசை அப்படியே! பிறகு சங்கராபரணம், பைரவி, தோடி, கல்யாணி என்று பெரிய ராகங்கள் நடுநடுவே வருகின்றன. இருபதைத் தாண்டும்போது செஞ்சுருட்டி, யமுனாகல்யாணி, பெஹாக் என்று துக்கடாப் பகுதியின் காற்று வீசுகிறது. 28க்குக் காம்போதி என்ற கனம். 29 மத்தியமாவதி, 30 சுருட்டி. மங்களம் பாடி எழுந்திருக்க வேண்டியதுதான். முப்பது நாள் நோன்பை ஒரு முழுக் கச்சேரியாக வடிவமைத்துவிட்டார் மனிதர்.

இதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. நான்காம் பாசுரம் மழைப் பாட்டு. கடலில் புகுந்து முகந்து, கறுத்து, மின்னி, அதிர்ந்து பெய்யச் சொல்லி மழைத் தெய்வத்தை ஏவுகிறார்கள். கனராக வரிசைக்காக அதற்கு வாய்த்தது வராளி. உள்ளுக்குள் உருகும் ராகம். இடி அதில் இடிக்காது. ஆனாலும் பாசுரம் தப்பிப் பிழைக்கிறது, ழகரத்தால். அந்த எட்டு அடிகளில் ழகரம் திரும்பத் திரும்ப உருண்டுகொண்டே இருக்கும். பாடுகிறவர் நாக்கை ஒழுங்காக மடித்தால் இடி தானாகக் கேட்கும். திருப்பாவைப் பதிவு எதைக் கேட்டாலும் முதலில் நான்காம் பாசுரத்தைப் போட்டுப் பார்க்கலாம். ழகரம் ளகரமாகத் தேய்ந்திருந்தால் மீதியைக் கேட்க அவசரமில்லை. வசந்தகுமாரி இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறார். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, பிருகாக்கள் மின்னலாக வரும் தொண்டை. இருந்தும் திருப்பாவையில் அந்த வித்தையைப் பெரும்பாலும் உறையிலேயே வைத்திருக்கிறார். சொல் முன்னால் போகிறது, ராகம் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வருகிறது.

ஒன்பதாம் பாசுரத்தில் நிலைமை நேர்மாறு. சுற்றிலும் விளக்கெரிய, தூபம் கமழ, மெத்தையில் கண்வளரும் மாமன் மகளைக் கேலியும் கெஞ்சலுமாக எழுப்பும் பாட்டு. அதற்கு ஹமீர்கல்யாணி போட்டது அரியக்குடியாரின் உச்சம். இரண்டு மத்தியமங்களும் மாறி மாறி வந்து, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே பாசுரம் ஊசலாடுகிறது. தனிப் பாசுரமாகக் கச்சேரிகளில் இது அதிகம் பாடப்படுவதில் வியப்பில்லை. அரியக்குடியார் தாமே பாசுரம் பாடும்போது வழக்கமான அவருடைய மத்தியமகாலம் இருக்கிறது. இழுக்க மாட்டார், குழைய மாட்டார், கச்சிதமாகச் சொல்லிவிட்டு நகர்வார். பக்தி போதவில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். பொழுது விடிவதற்குள் பத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவர்களுக்கு அந்த வேகம்தானே பொருத்தம்!

பதினெட்டாம் பாசுரம் ஸ்ரீரங்கத்தின் சொந்தச் சொத்து மாதிரி. 'திருப்பாவை ஜீயர்' என்று பெயர் பெற்ற ராமானுஜர், இந்தப் பாசுரத்தை அனுசந்தித்தபடி பிட்சைக்குப் போனபோது, பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளையோசையோடு கதவைத் திறக்க, நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மயங்கி விழுந்தார் என்பது குருபரம்பரைக் கதைகளில் ஒரு வழக்கு. அரியக்குடியார் இதற்கு வைத்த சாவேரியில் ஓர் இறைஞ்சல் இருக்கிறது. மத யானையும் கோழியும் குயிலும் நெரியும் பாட்டின் முன்பாதிக்கு அது கொஞ்சம் மிருதுதான். ஆனால் கடைசி இரண்டு அடிகளில், கை வளை ஒலிக்கக் கதவைத் திறக்கக் கேட்கும் இடத்தில், வேறு எந்த ராகமும் இவ்வளவு எடுபடாது. வசந்தகுமாரியும் இந்த இடத்துக்குத்தான் தன் குரலின் கனிவைச் சேமித்து வைத்தது போலப் பாடுகிறார்.

சினிமாவைப் பற்றி ஒரு வரி போதும். 1999இல் வந்த 'சங்கமம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் முதல் பாசுரத்தை வாசலாக வைத்து ஒரு காதல் பாட்டுக்குள் போனார். பாட்டு நன்றாகவே இருக்கிறது, நோன்புதான் அதில் இல்லை.

இசைத்தட்டும் 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும் செய்த ஒரு காரியம் மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. கச்சேரி மேடை, கூட்டத்தின் பாட்டை ஒரு தனிக்குரலின் பாட்டாக மாற்றியது. ஆனால் அந்தத் தனிக்குரலை வீட்டிலிருந்தபடி கேட்டுக் கேட்டே பெண்கள் முப்பது மெட்டையும் பாடம் செய்தார்கள். சங்கீதம் முறையாகப் பயிலாதவர்கள்கூட கௌளைக்கும் ஆரபிக்கும் வித்தியாசம் தெரியாமலேயே இரண்டையும் பிசகாமல் பாடுகிறார்கள். மார்கழியில் தெருவிலும் வீட்டுக் கூடத்திலும் மகளிர் குழுக்கள் சேர்ந்து பாடும்போது, சுருதி சில சமயம் ஓரமாக நழுவும், தாளத்தை யாராவது முந்துவார்கள். ஆனால் கூட்டம் திரும்பி வந்துவிடுகிறது. அதுவும் பெண்களின் கூட்டமாக.

முப்பதையும் தொடர்ந்து கேட்க வசந்தகுமாரியைத் தாண்டி இன்னொன்றைச் சிபாரிசு செய்ய முடியவில்லை. ஒரே ஒரு பாசுரம் போதும் என்றால் அரியக்குடியார். நூலின் எலும்பும் நரம்பும் தெரிய வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்துக் கோஷ்டி. குறை ஒன்று பாக்கி இருக்கிறது: பதினைந்தாம் பாசுரம். வெளியே நிற்கும் பெண்களுக்கும் உள்ளே படுத்திருப்பவளுக்கும் நடக்கும் வாய்ச்சண்டை அது. அரியக்குடியார் அதற்கு வைத்த பேகடை அந்தக் குறும்புக்கு நன்றாகவே இசையும். ஆனால் தனியாகப் பாடுகிறவர், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், இரண்டு தரப்பையும் ஒரே தொண்டையில் பாடித் தீர வேண்டியிருக்கிறது. கேள்வியைப் பத்துப் பேரும் பதிலை ஒருத்தியும் பாடும் ஒரு நல்ல பதிவு இந்தக் கட்டுரையாளரின் காதில் இன்னும் விழவில்லை. அடுத்த மார்கழிக்குள் ஏதாவது ஒரு மகளிர் குழு அதைச் செய்து தரட்டும்.