மேக்னடைட்: தடை மாறுவது எங்கே?

காந்தக்கல் என்று நெடுங்காலமாக நாம் அறிந்த மேக்னடைட், மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்ற கணக்கில் அமைந்த ஆக்சைடு. ஆக்சைடுகளில் பல மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இது ஓரளவு நன்றாகவே கடத்துகிறது. படிகத்தில் ஒரு வகை இடங்களில் இரண்டு மின்னேற்றம் கொண்ட இரும்பு அயனியும் மூன்று மின்னேற்றம் கொண்டதும் சரிபாதியாகக் கலந்திருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் எளிதாகத் தாவிவிடுகிறது.

ஏறத்தாழ 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் இந்தத் தாவல் முடங்கி, தடை நூறு மடங்கு அளவுக்கு எகிறுகிறது. ஃபிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த எவர்ட் வெர்வே இதை 1939இல் விளக்க முயன்றதால் இந்த நிலைமாற்றம் அவர் பெயரால் வழங்குகிறது.

வெப்பநிலை மட்டுமல்ல, காந்தப்புலமும் தடையை மாற்றும். புலத்தில் உலோகத்தின் தடை மாறும் என்பது வில்லியம் தாம்சன் 1857இல் இரும்பிலும் நிக்கலிலும் கண்டது. மேக்னடைட்டில் புலத்தைக் கூட்டினால் தடை குறைகிறது. ஆனால் குறையற்ற ஒற்றைப் படிகத்தில், அறை வெப்பநிலையில், அந்தக் குறைவு மிகச் சிறியது. நிலைமாற்றம் நிகழும் வெர்வே வெப்பநிலையை ஒட்டித்தான் அது உச்சம் தொடுகிறது. கிரிடின், ஹெர்ன், ஹோனிக் மூவரும் 1996இல் இதைக் காட்டினார்கள்.

இந்த உச்சத்தை அளப்பது லேசான வேலை அல்ல. நூறு மடங்கு மாற்றம் ஒரு கெல்வின் இடைவெளிக்குள் நிகழ்வதாக வைத்துக்கொண்டால், வெப்பநிலையில் 0.01 கெல்வின் பிசகினாலே தடை நான்கைந்து விழுக்காடு மாறிவிடும். வெப்பமானியையும் காந்தப்புலம் பாதிக்கும். புலத்தின் விளைவு என்று நாம் பதிவு செய்வது வெப்பமானியின் பிழையாகவே இருந்துவிடலாம். படிகத்தின் ஆக்சிஜன் அளவும் அதே அளவு முக்கியம்: ஆக்சிஜனோடு ஒப்பிட இரும்பு ஒரு விழுக்காட்டில் பாதிகூடக் குறைய வேண்டாம், தடையின் கூர்மையான எகிறல் மழுங்கிவிடுகிறது. படிகங்களைப் பக்குவப்படுத்துவதில் ஹோனிக் குழு காட்டிய பொறுமையைத்தான் இத்துறையின் பெரிய கொடையாக நான் கருதுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது. மேக்னடைட்டில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒரே தன்சுழற்சி கொண்டவை என்று கணக்கீடுகள் சொன்னதால், நினைவகக் கருவிகளுக்கு இது உதவும் என்ற நம்பிக்கை பிறந்தது. கோயும் சகாக்களும் 1998இல் மென்படலம், அழுத்திய தூள், ஒற்றைப் படிகம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தூளில் தெரிந்த தடைக் குறைவு துகளுக்கும் துகளுக்கும் இடையிலான எல்லையில் பிறந்தது. மென்படலங்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. தனித்தனித் தீவுகளாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளும்போது, அணு வரிசை இசையாத எல்லைகள் உள்ளே தங்கிவிடுகின்றன. அவற்றின் இருபுறமும் காந்தம் எதிரெதிராகப் பூட்டிக்கொள்வதால் 7 டெஸ்லாவிலும் படலம் முழுமையாகக் காந்தமாவதில்லை. புலத்தைக் கூட்டக் கூட்டத் தடையும் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே பெரிய எண்களைக் காட்டிய பல மாதிரிகள் சொன்னது, படிகத்தின் இயல்பைவிடக் குறைகளின் இயல்பையே.

நிலைமாற்றத்துக்குக் கீழே உள்ள வெர்வே நிலையின் அணு அமைப்பு 2012இல்தான் தெளிந்தது. சென், ரைட், அட்ஃபீல்ட் மூவரும், எலக்ட்ரான் ஒரே அயனியில் அடங்காமல் வரிசையாக நிற்கும் மூன்று இரும்புகளில் பரவியிருப்பதைக் கண்டார்கள். அட்ஃபீல்ட் குழுவின் 2019 ஆய்வு இன்னும் வியப்பூட்டுகிறது: அந்த அமைப்பின் சாயல், நிலையற்ற அலைவாக, காந்தத்தன்மையே மறையும் 850 கெல்வின் வரை நீடிக்கிறது. மின்னேற்றத்தின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் இவ்வளவு நெருங்கியவை என்றால், அறை வெப்பநிலையில் தூய படிகம் காட்டும் அந்தச் சிறு தடைக் குறைவைப் புதிதாக அளந்து பார்க்க வேண்டும்.