அடுக்களையின் வினைச்சொற்கள்

திங்களன்று மீ கோரெங், மறுநாள் சப்பாத்தியும் பருப்பும், வார இறுதியில் லக்சா, பிள்ளைகள் விரும்பினால் ஸ்பெகத்தி என்று இரவு உணவை மாற்றி மாற்றிச் சமைப்பது இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. நெல்வயல் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸிலும் நிலை இதுவே. இதனால் தமிழுணவு அழிகிறதென வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் எமக்குப் பங்கில்லை. எம் குறை, அவ்வுணவுகளைச் சமைக்கும் முறையைத் தமிழில் எழுதும் குறிப்புகளைப் பற்றியது.

சமையற்குறிப்பு ஓர் உரைநடை வகை. படித்தவர் அதன்படி செய்ய வேண்டும்; செய்தது உண்ணத் தக்கதாக அமைய வேண்டும். கதையிலும் கட்டுரையிலும் மழுங்கிய சொல் மறைந்து வாழலாம். இங்கே அது சட்டியில் தெரிந்துவிடும். ஆயினும் நம் திறனாய்வாளர் எவரும் இதனை ஒரு பொருளாகக் கொள்வதில்லை. தமிழாசிரியராகிய நாமோ இதனை மாணவர்க்கு எழுத்துப் பயிற்சியாகக் கொடுக்கிறோம். திருத்தும்போது நேர்வது என்ன? மாணவி ‘நூடுல்ஸ்’ என்று எழுதினால் சிவப்பு மை பாய்கிறது. ‘நன்றாக மிக்ஸ் செய்யவும்’ என்று எழுதினால் தப்பிவிடுகிறது, ‘செய்யவும்’ தமிழாயிற்றே! நம் காவல் தவறான வாயிலில் நிற்கிறது.

பெயர்ச்சொல் பிறநிலத்திலிருந்து வருவது இலக்கணத்துக்குப் புறம்பன்று. தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு இடம் வகுத்தார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், மொழி வழங்கும் 18 நிலங்களுள் தமிழ்நிலம் ஒழிந்த 17 நிலங்களிலிருந்து வரும் சொற்களையும் திசைச்சொல்லுள் அடக்கினார். அந்நிலங்களை எண்ணிக்கூறும் பழைய பாடல் ஒன்று உரைகளில் வழங்குகிறது. அதில் சிங்களம் உண்டு, சீனம் உண்டு, சாவகம் உண்டு, கடாரமும் உண்டு. சீனத்து மீயும் சாவகத்துச் சாத்தேயும் நம் வீட்டுக்குள் வர இதைவிட வேறு அனுமதி வேண்டுமா? மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். அதுவே கடாரம் என்பர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பண்டங்களுள் ஈழத்து உணவையும் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். நமக்கு அக்கரையாகவுள்ள இந்நிலத்துப் பண்டம் அன்றே தமிழ்ச் சந்தைக்குப் போயிற்று.

பெயர்கள் எதிர்த்திசையிலும் சென்றன. கறியும் அப்பமும் புட்டும் கஞ்சியும் மலாய்க்குள் புகுந்து காரி, அப்பாம், புட்டு, கஞ்சி என நிற்கின்றன. ஆனால் மலாய்க்காரர் தம் காரியைத் தம் வினைச்சொற்களைக் கொண்டே சமைக்கிறார். ‘தாளி’யையும் ‘வதக்கு’வையும் நம்மிடம் கடன் வாங்கவில்லை, அவருக்கு ‘துமிஸ்’ உண்டு. பெயர் ஊர் ஊராகத் திரியும். வினை வீட்டிலேயே இருக்கும்.

மிளகாயைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குமுன் தமிழர் அடுக்களையில் அது இல்லை. உறைப்பால் மிளகை ஒத்திருந்ததால் மிளகு காய் மிளகாயாயிற்று. இப்பெயரைச் செய்தது எந்தக் கழகமும் அன்று, சமைத்தவர்கள் செய்தார்கள். அவர்கள் செய்யாத இடத்தில் வந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள், அன்னாசி அப்படி. ஆகவே ஸ்பெகத்திக்கும் தோம்யாமுக்கும் அறையில் அமர்ந்து பெயர் புனைவது வீண் வேலை. ஆக்கியவர் வாயில் பிறந்தால் பிறக்கட்டும்.

வினைக்கு வருவோம். ஆங்கிலத்து ‘ஃப்ரை’ ஒரு சொல். அது நிற்குமிடத்தில் தமிழ், வறுத்தல், பொரித்தல், வதக்கல், பிரட்டல் என நான்கு வைத்திருக்கிறது. கடலையை வறுப்போம், அப்பளத்தைப் பொரிப்போம், வெங்காயத்தை வதக்குவோம், கோழியை மசாலையில் பிரட்டுவோம். ‘வெங்காயத்தை ஃப்ரை பண்ணவும்’ என்று படித்த இளம்பெண், அதனைக் குழைய விடுவதா, பிரியாணிக்கு மேலே தூவுவதுபோல் மொறுமொறுப்பாக எடுப்பதா என்று எங்ஙனம் அறிவாள்? எழுதியவர் அறிந்திருப்பார், எழுத்து அறியவில்லை.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. நம் சமையல் வினைகளிற் பல, தன்வினையும் பிறவினையுமாக இணைந்து நிற்பவை. வதக்கினால் வதங்கும், வாட்டினால் வாடும், உருக்கினால் உருகும், அவித்தால் அவியும், மசித்தால் மசியும், கரைத்தால் கரையும், உதிர்த்தால் உதிரும். பிறவினை, சமைப்பவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. தன்வினை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. வெங்காயம் வதங்கும் வரை வதக்கு என்றால் கடிகாரம் வேண்டுவதில்லை. ‘ஃப்ரை பண்ணு’ என்பதற்கு இத்தகைய இணை ஏது? பண்ணியபின் வெங்காயம் என்ன ஆகும்? வகுப்பில் தன்வினை பிறவினைக்கு ‘உருண்டான், உருட்டினான்’ என்று ஆண்டுதோறும் அதே எடுத்துக்காட்டைத் தருகிறோம். அடுப்பங்கரையில் ஓர் இலக்கண நூலே கிடக்கிறது. (தாளித்தலுக்கு இந்த இணை இல்லை. அதனால்தான் ‘கடுகு வெடித்ததும்’ என்று வேறொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம்.)

வெளிநாட்டு உணவுக்கு இவ்வினைகள் போதா என்பர். பினாங்கு லக்சாவை எடுத்துக்கொள்வோம். கெம்போங் மீனை அவித்து, முள் களைந்து, சதையை உதிர்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செராய், பெலாச்சான் இவற்றை மைய அரைத்து, மீன் அவித்த நீரில் கரைத்து, அசாம் கெப்பிங் இட்டுக் கொதிக்க விட வேண்டும். கெசும் இலையைக் கிள்ளிப் போட்டு, உதிர்த்த மீனைச் சேர்க்க வேண்டும். லக்சாவைத் தனியே வேகவைத்து வடித்து, குழம்பை ஊற்றி, வெள்ளரிக்காயையும் புங்கா கந்தானையும் மெல்லியதாக அரிந்து தூவி, ஹேகோவைச் சிறிது நீரில் குழைத்து மேலே விட வேண்டும். இதில் மலாய்ப் பெயர் உண்டு, ஹொக்கியன் பெயர் உண்டு. வினையில் ஒன்றேனும் கடனா? எவரும் இதனைத் தமிழன்று என்னார். இதையே ‘மீனை பாயில் பண்ணி, போன்ஸை ரிமூவ் செய்து, பேஸ்டை ஆட் பண்ணவும்’ என்று எழுதி, லக்சாவுக்கு மட்டும் தூய தமிழ்ப் பெயர் ஒன்று சூட்டினால், அது தமிழாகிவிடுமா?

மீ கோரெங்கும் அப்படியே. இந்நாட்டுத் தமிழ் முஸ்லிம் கடைகளில், சீனர் மீயும் நம் மசாலையும் ஒரே சட்டியில் கூடிப் பிறந்த உணவு அது. பெயர் ஹொக்கியனும் மலாயும். ஆனால் வீட்டில் தாய்மார் ‘இன்றைக்கு மீ பிரட்டப் போகிறேன்’ என்கிறார்கள். எண்ணெயில் அமிழ்த்திப் பொரிப்பதற்கும் சட்டியில் கிளறுவதற்கும் மலாயில் ‘கோரெங்’ ஒன்றே. அம்மயக்கத்தை அத்தாய்மார் ஒரே வினையால் தீர்த்துவிட்டார்கள். ஸ்பெகத்தியை மிகக் குழையாமல் இறக்க வேண்டும் என்பதற்கு இத்தாலியர் ஏதோ பல்லைப் பற்றிச் சொல்வர். நமக்கு ‘முக்கால் வேக்காடு’ உண்டு.

இத்தகைய எழுத்துக்கு மாதிரி தேடுவார்க்கு, சென்னையில் 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இருக்கிறது. அந்நூல் கூறுவது மரக்கறிச் சமையலே; நம் லக்சாவும் மீயும் அதில் கிடையா. எனினும் அளவு, வரிசை, பதம் மூன்றையும் விடாது சொல்லும் நெறியை அதில் காணலாம். அதன் பெயரைக் கவனியுங்கள். ஒரு பெயர்ச்சொல்லும் இல்லை. இரண்டும் வினை.

இதனை வெறும் நடையாராய்ச்சி என்று தள்ளிவிட இயலாது. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் நம் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சிலருக்கு அதுவும் இல்லை. அதன்பின் கையும் கண்ணும் மூக்கும் சேர்ந்து அவன் தமிழைப் பயிலக் கூடிய இடங்களுள் அடுக்களை முதன்மையானது. அங்கும் வினையெல்லாம் ‘பண்ணு’ என்ற ஒன்றாகிவிட்டால், அவனுக்கு எஞ்சுவது பண்டங்களின் பட்டியல்.

ஓரிடத்தில் எமக்கே ஐயம் உண்டு. ‘பேக்’ என்பதற்கு என் சொல்வது? ஈழத்தார் ‘வெதுப்பகம்’ என்று ரொட்டிக்கடைக்குப் பெயர் வைத்தனர். வெதுப்பு, வெதும்பு என இணையும் உண்டு, இலக்கணம் சரி. ஆனால் வெதும்பிய மாவு வெந்த மாவு ஆகாது, இளஞ்சூட்டோடு நின்றுவிடும். தமிழகத்தில் வழங்கும் ‘அடுமனை’ பெயராக நன்று, அதிலிருந்து சமைப்பவர் கைக்கு வினை கிடைக்கவில்லை. எம் பகுதிப் பெண்கள் தோசை சுடுகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், தீபாவளிக்குக் கேக்கும் சுடுகிறார்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால், ‘வெந்துவிட்டது’ என்று இறக்குகிறார்கள்.