சிறப்புக் கல்லூரியும் தகுதிப் புலமைப்பரிசிலும்

ஐக்கிய அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுள் ‘சிறப்புக் கல்லூரி’ என்றொரு பிரிவு உண்டு. பல்லாயிரவர் பயிலும் பெருங் கழகத்தினுள்ளே, தேர்ந்த சிலர்க்குச் சிறு வகுப்புக்களும் ஆய்வுரைப் பயிற்சியும் நல்குவது இதன் நோக்கம் என்பர். அழைப்போடு தகுதிப் புலமைப்பரிசிலும் சேர்ந்து வருதலின், எதனைத் தெரிவது என்பது மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எளிதில் தீராத வினாவாகின்றது. இதனை ஆராய்வார் அவ்வமைப்பின் தோற்றத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று 1905 இல் ஒக்ஸ்போட் சென்ற பிராங் ஏடலொட் என்பார், 1921 இல் பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர்க் கல்லூரியின் தலைவரானார். பொதுத்தேர்வு, சிறப்புத்தேர்வு என்னும் ஒக்ஸ்போட் பாகுபாட்டை மனத்திற்கொண்டு, 1922 இல் அங்கே சிறப்புப் பயிற்சியைத் தொடங்கினார். இறுதி ஈராண்டும் மாணவர் சிறு குழுக்களாகக் கூடி ஆராய்ந்தனர். கற்பித்தவரல்லாத வெளித் தேர்வாளரே எழுத்தாலும் வாய்மொழியாலும் அவர்களைச் சோதித்தனர். எல்லோரையும் ஒரே வேகத்தில் நடத்தும் அணிநடைக் கல்வியை மறுத்து, அவர் 1944 இல் நூலும் எழுதினார். அவர் கருதிய சிறப்பு கற்கும் முறையைப் பற்றியது. மாணவரின் பெருமையைப் பற்றியதன்று.

ஒரிகன் பல்கலைக்கழகம் 1960 இலும், அரிசோனா அரசுப் பல்கலைக்கழகம் 1988 இலும் சிறப்புக் கல்லூரி நிறுவின. பிறவும் தொடர்ந்தன. பெயர் பரவிய அளவிற்கு முறை பரவிற்றில்லை. வெளித் தேர்வாளர் பெரும்பாலான இடங்களில் இலர். முந்திப் பதிவுசெய்யும் உரிமையும் நல்ல விடுதியுமே சில இடங்களில் முதன்மையாக எடுத்துரைக்கப்படுகின்றன. இவை வசதிகளேயன்றிக் கல்வியாகா.

புலமைப்பரிசிலின் நிலையும் ஆராயத்தக்கது. ஜோர்ஜியா மாநிலம் 1993 இல் அதிட்டலாபச் சீட்டு வருவாய்கொண்டு தொடங்கிய ‘ஹோப்’ புலமைப்பரிசிலுக்குக் குடும்ப வருமான எல்லை முதலில் இருந்தது; 1995 இல் அது நீக்கப்பட்டது. வறியோர்க்கு வழிதிறக்க வேண்டிய பொதுப்பணம் செல்வர் வீட்டிற்கும் செல்லலாயிற்று. ஆயினும், தகுதிப் பரிசிலை முற்றும் பழித்தல் நேர்மையன்று. ஹாவாட், யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் தேவை நோக்கியே உதவுவன. அவற்றின் கணக்கில் தேவையற்றோராயும், உண்மையிற் கட்டணம் தாங்க மாட்டாதோராயும் உள்ள நடுத்தரக் குடும்பத்தார்க்குத் தகுதிப் பரிசிலே கடனினின்று காக்கும் அரணாகும்.

ஆதலின், தெரிவோர் பெயரையும் தொகையையும் மட்டும் நோக்குதல் போதாது. பரிசில் நான்காண்டும் நிலைக்குமா? புள்ளிச் சராசரி குறைந்தால் இழக்கப்படுமா? விடுதிக்கும் உணவுக்கும் எஞ்சும் செலவு யாது? சிறப்பு வகுப்புக்கள் முதலாண்டோடு முடிகின்றனவா, இறுதிவரை தொடர்கின்றனவா? ஆய்வுரையை வழிநடத்தும் ஆசிரியர் உளரா? இவற்றிற்குத் தெளிந்த விடை தரும் கல்லூரியே ஏடலொட் எண்ணிய சிறப்புக்கு அணித்தாயது. ஏனையவை நல்கும் சிறப்பு அழைப்பிதழோடு முடிவதாகும்.