உய்த்துணர்வா, ஊகமா?

மதுரை வில்லாபுரத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பயிற்சி வினா ஒன்றுக்கு விடை எழுதினார். தரப்பட்ட பகுதியின் சாரம் இது: 1964-66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பத்தாம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயப் பாடங்களாக வேண்டும் என்றது. வேலை அனுபவமும் எல்லோருடைய கல்வியிலும் ஓர் அங்கமாக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் ஏற்பட்டது.

"இதிலிருந்து நீ உய்த்துணர்வது யாது?" என்பது வினா. "படிப்பு வராதவர்களுக்காகத் தொழிற்கல்வி ஏற்பட்டது" என்பது மாணவர் விடை.

வாசகர்களே, பகுதியை மறுபடி படியுங்கள். இவ்விடைக்கு ஆதாரமான வாக்கியம் உண்டா? இல்லை. ஊரார் பேச்சைக் கேட்டு எழுதிய விடை இது. வேலை அனுபவம் எல்லோருக்கும் வேண்டும் என்றால், கைவேலை பின்தங்கியவர்க்கு மட்டுமே உரியதெனக் குழு கருதவில்லை என்பதே பொருள். இது உய்த்துணர்வு. "ஆகவே எல்லாப் பள்ளிகளிலும் வேலை அனுபவம் நடைபெற்றது" என்றால் அதுவும் தவறு. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பகுதியில் உள்ளவை அனைத்தும் உண்மையாக இருந்தும் நம் முடிவு பொய்யாக இருக்க முடியுமா? முடியுமானால் அது ஊகமே.

மற்றோர் எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. தேர்ச்சிக்கு முன்னதில் 20, பின்னதில் 15 வேண்டும். "செய்முறையே முக்கியம்" என்பார் ஒருவர். "செய்முறையில் மதிப்பெண் வாங்குவது எளிது" என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையாகலாம், ஆனால் இந்த எண்கள் அவற்றைச் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் 75ம் பெற்றவர்கூடச் செய்முறையில் 14 எடுத்தால் தேர்ச்சி பெறமாட்டார் என்பதே உறுதியான முடிவு.

விடைத்தாளில் இப்பிழைக்குப் போவது ஒரு மதிப்பெண்தான். ஆனால் அடுத்த ஆண்டு அம்மாணவர் மேல்நிலைப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் வேலையில் அவருக்கு ஆர்வம் இருக்கலாம். "அது படிப்பு வராதவர்களுக்கு" என்ற சொல்லுக்கு அஞ்சி அவர் ஒதுங்கினால், ஆதாரமற்ற ஊகம் ஒன்று அவர் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். வினா அமைக்கும் ஆசிரியர்களும், "எந்த வாக்கியத்தைக் கொண்டு சொல்கிறாய்?" என்று உடன் கேட்பது நல்லது.