தயிர்சாதமும் மீன் அவித்த தண்ணீரும்

மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளில் பூனைக்கென்று தனியே உலை வைத்தவர் எவருமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்தபின் மிஞ்சிய சோற்றைப் பாலிலோ தயிரிலோ பிசைந்து கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டால் ஜீவகாருண்யமும் ஆயிற்று, எலித்தொல்லையும் தீர்ந்தது என்ற அளவிலேயே அந்தச் சம்பந்தம் நின்றது. இன்றோ அதே தெருவின் அடுக்ககத்து மூன்றாம் மாடியில், வாசற்படி தாண்டாமல், கிண்ணத்தில் கொட்டிய உலர்ந்த உருண்டைகளைக் கொறித்தே வளர்ந்த என் வீட்டுக் கடுவன், ஒரு சித்திரை மாதத்து இரவில் மணல்தட்டில் ஏறிக் குந்துவதும், முக்குவதும், ஒரு சொட்டும் விழாமல் இறங்கிப் போய் அடிவயிற்றை நக்குவதும், ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஏறுவதுமாய் இருந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "சூடுதான், கொஞ்சம் இளநீர் புகட்டுங்கோ, சரியாயிடும்" என்றார். நீர்க்கடுப்பு என்றாலே உஷ்ணம் என்பது நம்மவர் தீர்மானம். மனிதருக்கு அது எப்படியோ போகட்டும். மூத்திரத்துவாரம் அடைபட்ட பூனையின் ரத்தத்தில், வெளியேற வழியற்ற பொட்டாசியம் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்க, பொட்டாசியம் மிகுந்த இளநீரை அதன்மேல் வார்ப்பது இருதயம் நின்றுபோவதற்கே துணை செய்யும். அடைப்பு விழுந்த ஆண் பூனைக்கு ஓரிரு நாள்தான் தவணை. அங்கே பத்தியம் பேச அவகாசமில்லை, ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். குழாய் செலுத்தி நீரை இறக்கி, அது பிழைத்து வந்த பின்னரே ஆகார விசாரணை ஆரம்பமாயிற்று.

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தியின் பூனைக்கும் இதே வியாதி வந்ததுண்டு. 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்து, 200 ரூபாயாக இருந்த டாலர் சில மாதங்களிலேயே 350-ஐத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவ உணவு டப்பாக்கள் அவளுக்கு எட்டாக் கனியாயின. தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, முதல்ல அந்தக் காய்ஞ்ச சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ. சூடை மீனை உப்பில்லாமல் அவிச்சு, அவிச்ச தண்ணியையும் சேர்த்துக் குடுங்கோ."

வறுமை கற்பித்த அந்த உபாயத்தில் சாஸ்திரமும் இருந்தது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் அதற்கு இயல்பிலேயே மந்தம். இரையின் உடலிலுள்ள நீரே அதற்குக் குடிநீர். உலர் உணவில் நீர் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இராது. ஈர உணவிலோ எழுபத்தைந்து, எண்பது. தயிர்சாதம் தின்ற பழைய மயிலாப்பூர்ப் பூனையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். தானிய ஆகாரம் மூத்திரத்தைக் காரமாக்கும். காரம் ஏறினால் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடி ஸ்ட்ருவைட் என்ற படிகம் படியும். அந்த நியாயப்படி அது நோயில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோறு தளதளவென்று நீர் கோத்திருந்தது. குறைந்த மாமிசத்தைப் பூனை எலியிடம் வசூல் செய்துகொண்டது. அக்கரையிலும் மீன் கழுவிய முற்றத்தில் தலையும் குடலுமாகத் தின்ற பூனைக்கு ஈரம் குறையவில்லை. இரு கரையிலும் கெடுதல் புகுந்தது காகிதப் பையில் வந்த வறட்சியோடுதான் என்பது என் கட்சி.

ஆயினும் இலங்கை முறையை அப்படியே தலைமேல் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. கருவாட்டுத் தலை போடும் வழக்கம் அங்கே உண்டு, இங்கும் உண்டு. தாகம் உண்டாகும்பொருட்டு மருத்துவ உணவிலேயே உப்பைச் சற்றுக் கூட்டுவார்கள் என்றாலும், அளந்து சேர்த்த உப்பு வேறு, கருவாட்டின் உப்பு வேறு. மீன் மட்டுமே பூரண ஆகாரமும் ஆகாது. டாரின் என்ற சத்துக் குறைந்தால் பூனையின் இருதயம் வீங்கித் தளரும் என்பது 1987-இல் நிரூபணமாயிற்று. அச்சத்து நீரில் கரைவதாதலால், அவித்த தண்ணீரைக் கொட்டுகிறவர் சத்தையும் கொட்டுகிறார். சிநேகிதி அறியாமலே சொன்ன நுட்பம் இது. குழம்பு மீன் கூடவே கூடாது. வெங்காயம் பூனைக்கு விஷம்.

ஒரு சிறு விஷயம். போகியன்று நாம் காப்புக் கட்டும் சிறுபீளையைத்தான் சிங்களத்தில் பொல்பலா என்கிறார்கள். நாம் கூரையில் செருகுவதை அவர்கள் நீர்க்கோளாறுக்குக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பூனைக்கு அதைப் புகட்டப் போனால் கையில் கீறல்தான் மிச்சம்.

சென்னையில் பணம் இருந்தால் ஆழ்வார்பேட்டையிலோ அடையாற்றிலோ மருத்துவ உணவு கைக்கெட்டும்; ஸ்ட்ருவைட் ஆனால் அது சில வாரங்களில் கரைத்தும் விடும். ஆக்ஸலேட் என்ற இன்னொரு வகைக் கல்லோ எந்த ஆகாரத்துக்கும் கரையாது, கத்திதான் கதி. மூத்திரத்தைப் புளிப்பாக்கும் உணவுகள் பரவியபின் முதல் வகை குறைந்து இரண்டாம் வகை பெருகியதை அமெரிக்காவின் மினசோட்டாவில் கல் கல்லாய்ப் பரிசோதித்துக் கண்டார்கள். ஆகையால் படிகம் இன்னதென்று நுண்ணோக்கியில் பாராமல் பத்தியம் வைப்பது, சென்னையானாலும் கொழும்பானாலும், குருட்டு வைத்தியமே.

என் கடுவனுக்கு இப்போது மருத்துவ உணவே பிரதானம். அதன்மேல், டாக்டர் சம்மதித்த அளவில், நொச்சிக்குப்பத்தில் வாங்கிய மீனை அவித்த தண்ணீர் இரண்டு கரண்டி. மீன் அவியும் நேரத்தில் மாமி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். எட்டு மணிக்கு அதைத் திறந்து, மணல்தட்டில் உறைந்த மூத்திரக் கட்டிகளை மனத்தில் வைத்து, "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கிறார்.